வசிப்பவருக்கு ஊற்றிய தேநீர்

காணி விசாரணைக்கு மல்லாவிப் பக்கம் புறப்பட்ட காணி அதிகாரி தில்லைநாதன், கோப்போடு ஒரு சொல்லையும் கொண்டுபோனார்: வசித்தல். அனுமதிப்பத்திரத்தில் பெயருள்ளவர் காணியில் வசிக்காவிட்டால் காணி அரசுக்குத் திரும்பும். வசித்தல் என்றால் என்னவென்று சட்டம் சொல்லவில்லை; சாதாரண சனம் விளங்கிக்கொள்கிறபடி விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவ்வளவு பெரிய பொறுப்பைச் சாதாரண சனத்திடம் விட தில்லைநாதனுக்கு மனம் வரவில்லை. மூன்று கிழமை மினக்கெட்டுத் தானே ஒரு வரைவிலக்கணம் எழுதியிருந்தார்.

விசாரணைக்குரிய காணியில் இருந்த மீனம்மாவின் முற்றத்தில், வேம்பின் கீழ் ஒரு கதிரை கிடந்தது. பக்கத்து முக்காலியில் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. மரியாதை தெரிந்த வீடு என்று மெச்சியபடி உட்கார்ந்து, ஒரே மூச்சில் குடித்தார். சாட்சிக்கு வந்திருந்த அயலவர் யோகலிங்கம் எதையோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

"பத்திரம் உம்மட புருஷன் சங்கிலியின்ர பேரில. ஆள் எங்க?"

"சண்டை நேரம் மாத்தளன்ல தண்ணி எடுக்கப் போனாருங்க. சண்டை முடிஞ்சும் வரலை."

"மரணச் சான்றிதழ் எடும். காணியை உம்மட பேருக்கு மாத்தலாம்."

"அவரு செத்ததப் பாத்தவங்க யாருங்க, ஐயா? நா எழுதிக் குடுக்க மாட்டேன்."

"அப்ப காணி போகும்," என்று தில்லைநாதன் வரைவிலக்கணத்தை விரித்தார். "வசிப்பவர் எனப்படுபவர், தமக்குரிய இடத்தில் அமர்ந்து, உண்டு, குடித்து, அழைத்தால் குரல் கொடுப்பவர். விளங்கினதோ?"

மீனம்மா குசினிக்குள் போனாள்.

"ஐயா, குறை நினைக்கக்கூடாது," என்றார் யோகலிங்கம். "நீங்கள் இருக்கிறது சங்கிலியண்ணையின்ர கதிரை. குடிச்சது அவருக்கு ஊத்தினது. விடிஞ்சா ஊத்தி வைப்பா. இத்தனை வருசத்தில அதில ஆரும் வாய் வைக்கேல்லை."

தில்லைநாதன் எழும்பப் பார்த்தார். கால் வரவில்லை. நெஞ்சின் அடியிலிருந்து ஓர் இருமல் வந்தது, சுருட்டுப் புகைத்துக் காறிய இருமல். அவர் சுருட்டைத் தொட்டதே கிடையாது.

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னங்க?"

இவ்வளவு நேரமும் அவள் அவரை ஐயா என்றுதான் அழைத்திருந்தாள்.

"ம்," என்றது அவர் தொண்டை.

"சீனி போதுமா?"

"போதும்."

யோகலிங்கம் மெல்ல எழுந்து, தோளில் கிடந்த சால்வையை மரியாதைக்கு இடுப்பில் கட்டினார். "அண்ணையின்ர குரல்தான். எழுதுங்கோ ஐயா."

தில்லைநாதன் வரைவிலக்கணத்தை மூன்று தரம் வாசித்தார். தப்ப ஒரு சந்துபொந்தும் இல்லை; அவ்வளவு கவனமாக எழுதியிருந்தார். 'அனுமதிக்காரர் வசிக்கிறாரா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஓம்' என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் கால் வந்தது.

படலையைத் தாண்டும்போது மீனம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்: "மத்தியானச் சோத்துக்கு வந்துருங்க."

"வந்துர்றேன் புள்ள."

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து வளர்ந்த தில்லைநாதன், மீனம்மா வீட்டுப் பேச்சில் சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார்.