ரயில் எப்படிப் போனார்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு கிடங்கின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்த ஒருவரின் முட்டியில் உதித்தது. அவருக்கு முட்டி போனது, எனக்குக் கதை கிடைத்தது. எழுத்தாளர்கள் இப்படித்தான் பிழைக்கிறோம்.

முதல் வரிக்காக நான் முட்டி மோதியதைப் பாருங்கள்:

'தோளில் பெட்டியுடன் அவர் விரைந்து—' (யாரய்யா இந்தக் காலத்தில் விரைகிறார்கள்?)

'கம்பீரமாக அடியெடுத்து வைத்து—' (நாற்பது கிலோ பெட்டியுடனா? விடுங்கள்.)

'அவர் போய்க்கொண்டிருந்தார்.'

இது சரி. தமிழில் இதோடு வேலை முடிந்தது. வினை என்னவென்றால், விபத்து அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

2

எழுத வேண்டியவள் என் தங்கை, கிடங்கின் பாதுகாப்புப் பிரிவில் எழுத்தர். விழுந்தவர் பெட்டி தூக்குபவர். எல்லோருக்கும் அவர் 'ரயில்'. பெட்டியோடு வந்தால் யாருக்காகவும் வளைய மாட்டார், நாம்தான் ஒதுங்க வேண்டும்.

படிவத்தில் ஒரு கேள்வி: விழும் முன் ஊழியர் எவ்வாறு நகர்ந்துகொண்டிருந்தார்? பதிலுக்கு ஒரே ஒரு வரி இடம்.

"'ரன்'னு போடும்மா," என்றார் மேனேஜர். "உள்ள ஓடக் கூடாதுன்னு சுவத்துலயே எழுதியிருக்கு."

ஓடினார் என்றால் தப்பு அவர்மேல். ஆபரேஷன் செலவைக் கம்பெனி ஏற்காது. இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் ஆகாவிட்டால் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடங்காத காலை வைத்துக்கொண்டு பெட்டி தூக்க முடியாது.

"அவர் ஓடல சார். கேமராவுல பாத்தேன்."

"அப்ப 'ஸ்டாகர்'னு போடு."

ஸ்டாகர் என்றால் தள்ளாட்டம். படிக்கிறவர் மனதில் அடுத்த நொடி பாட்டில் வந்து நிற்கும். ரயில் டீயைத் தவிர எதையும் தொடாதவர்.

"விழறதுக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் தள்ளாடத்தானே செய்வாங்க?" என்று மேனேஜர் நியாயம் வேறு பேசினார்.

வெறுமனே 'வாக்' என்று போட்டால்? சும்மா நடந்தவர் ஏன் விழுந்தார் என்று கேட்பார்கள். குளிரூட்டும் இயந்திரம் பத்து நாளாக ஒழுகுவது தெரியவரும். அது மேனேஜர் தலையில் விடியும். அவள் வேலை அவர் கையில். எனக்கு போன் செய்தாள்.

3

(இங்கே ஆசிரியர் மேடை ஏறுகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"அண்ணா, நடக்கறதுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை என்னல்லாம் இருக்கு?"

யாரிடம் கேட்கிறாள்! 'ஸ்ட்ரோல்' என்றால் வேலைவெட்டி இல்லாதவர் நடை. 'ஸ்ட்ரட்' என்றால் பதவி உயர்வு வந்த மறுநாள் நடை. 'ட்ரட்ஜ்' என்றால் அந்தப் பதவியில் ஆறு மாதம் ஓட்டிய பிறகு நடை. நாம் தள்ளாடி நடந்தான், விறுவிறுவென்று நடந்தான் என்று அடைமொழியை வெளியே ஒட்டுகிறோம், வேண்டாமென்றால் பிய்த்துப் போடலாம். ஆங்கிலத்தில் பாதி வினைகள் தீர்ப்பை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே வருகின்றன.* இருபது நிமிடம் அளந்தேன்.

"எல்லாம் சரிண்ணா, ரயிலுக்கு எது?"

"'ரஷ்'ஷுனு போடு. நடைக்கு மேல, ஓட்டத்துக்குக் கீழ. அவசரம் தெரியும், குத்தம் தெரியாது."

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

* இந்த வாக்கியத்தை ஒரு கூட்டத்தில் பேசக் குறித்து வைத்திருக்கிறேன்.

4

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது. 'ஊழியர் தாமாக அவசரப்பட்டுள்ளார். செலவை ஏற்க இயலாது.'

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். ரயிலுக்குக் கோபம்கூட வரவில்லை.

"ரஷ்ஷா? பஸ்ஸுலதானேம்மா ரஷ்ஷு?" என்றார். "லாரிகிட்ட நின்னு சூப்பர்வைசர் 'சீக்கிரம் வாய்யா'ன்னாரு. வேகமா நடந்தேன். தரையில தண்ணி. விழுந்துட்டேன். இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ இங்கிலீஷு?"

வாசகரே, அவர் சொன்னதில் சூப்பர்வைசர் இருக்கிறார், தண்ணீர் இருக்கிறது. என் அருமையான ஒற்றை வார்த்தையில் ரயில் மட்டும்தான் இருந்தார். வெட்கமாக இருக்கிறது. (வெட்கம் என்பது போதாது. வேறு வார்த்தை தேடப்போவதில்லை.)

5

அவள் திருத்தம் எழுதினாள். மூன்று வாக்கியங்கள், ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம். தரையில் தண்ணீர் இருந்தது. சூப்பர்வைசர் சீக்கிரம் வரச் சொன்னார். அவர் வேகமாக நடந்தார். படிவத்தில் இடம் போதாததால் தனித்தாள் இணைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இத அனுப்பினா உன் சீட்டுக்கு நான் பொறுப்பில்ல," என்றார் மேனேஜர்.

தலைமை அலுவலகம் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது. நேரில் கொடுக்கக் கிளம்பினாள். முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன்.

அ) அவள் நிமிர்ந்த தலையுடன் 'மார்ச்' செய்து—

ஆ) பாதி முற்றத்தில் நின்று, தாளை மடித்து, திரும்பி—

போனில் படித்துக் காட்டினேன்.

"என்னை மார்ச் எல்லாம் பண்ண வைக்காதீங்க. உள்ளங்கை வேர்க்குது. போறேன், அவ்ளோதான்."

"சரிம்மா, உள்ள போயிட்டு என்னாச்சுன்னு சீக்கிரம் சொல்லு. கதைய இன்னிக்கே முடிக்கணும்."

"அண்ணா, நீங்களும் சூப்பர்வைசர் மாதிரியே பேசறீங்க."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை, உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்:

கதவு திறந்தது. கையில் தாளுடன் அவள் உள்ளே ____________.

எந்த வார்த்தை வேண்டுமானாலும் போடுங்கள். போடும் முன் தரை ஈரமா என்று ஒரு தடவை பாருங்கள். அவளை அவசரப்படுத்தியவர் பெயரையும் எழுதுங்கள். தனித்தாள் வேண்டுமென்றால் இணைத்துக்கொள்ளுங்கள்.