கல்லாறு வரைக்கும்

“கழுவினது காணும் தம்பி, வாங்க,” என்று தாதி கூப்பிட்ட பிறகும் உதயரூபன் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் பூசித் தேய்த்துக்கொண்டே நின்றான். வாவியில் இறால் வலை இழுக்கிற கை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் தோணி ஏறவில்லை. ஆனாலும் விரலிடுக்கில் வாடை இருக்கும் என்று நினைத்தான். குறைமாதப் பிள்ளைகளின் அறைக்குள் அவன் போவது இதுதான் முதல் தடவை. தகப்பன்மாருக்கு வெளியே கண்ணாடி யன்னல்தான். இன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாக அவனையும் வரச்சொல்கிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கியிருந்தது. விளங்கியும், கடைசியில் என்னையும் கூப்பிட்டார்கள் என்று மனதின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அதை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

இத்தனை நாளும் மனைவி ஆர்த்திகா தாய்மார் தங்கும் அறையில் படுத்தாள். அவன் வெளியே மர வாங்கில் படுத்தான். பால் நேரங்களில் அவள் உள்ளே போவாள். திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். “கண்ணத் திறந்து பாத்தவன்,” என்பாள். “கொட்டாவி விட்டவன்,” என்பாள். பக்கத்துக் கட்டில் நிஸ்றா காத்தான்குடிக்காரி. அவளுடைய மகளும் உள்ளேதான் கிடந்தது. அவளும் சேர்ந்துகொள்வாள். “நானும் பாத்தன் தம்பி, அப்பிடியே உங்கட மூக்கு.” யாரோ ஒருத்திக்குத் தெரிந்த கொட்டாவி தகப்பனுக்குத் தெரியாது.

நேற்றுப் பின்னேரம் ஆர்த்திகா ஓடிவராத குறையாக வந்தாள்.

“என்ட விரலப் பிடிச்சிட்டான். விடுறானில்ல.”

“எப்பிடி?”

அவள் அவனுடைய சின்னவிரலைப் பிடித்து, “இப்பிடித்தான்,” என்று காட்டினாள். அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“எல்லாம் உனக்குத்தான். வயித்துக்குள்ள இரிக்கக்குள்ளயும் நீ, வெளிய வந்தும் நீ. நான் ஆரு? தேத்தண்ணி வாங்கித் தாற ஆள்தானே.”

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது அவள் நாற்காலியில் இருந்தாள். இளம் டொக்டர் பெண் குனிந்து மெதுவாகப் பேசினாள். “நுரையீரல் தாங்குதில்ல. மெஷினாலயும் ஏலாமக் கிடக்கு. அம்மாட நெஞ்சில கொஞ்ச நேரம் வைச்சிரிங்க.”

அம்மாட நெஞ்சில. அப்பாட என்று ஒருவரும் சொல்லவில்லை.

குழாய்களைக் கழற்றி, பிள்ளையை அவளுடைய நெஞ்சோடு சேர்த்து வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் கண்டதெல்லாம் ஒரு தொப்பியும் வயர்களும்தான். இப்போது காதோரத்தில் மெல்லிய பூனைமயிர் தெரிந்தது. உள்ளங்கால் சுருங்கிச் சிவந்திருந்தது. மூச்சு வந்தது, நின்றது, நினைத்துக்கொண்டது போலத் திரும்ப வந்தது.

‘எனக்கும் கொஞ்சம் தா’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளாகத் தருவாள் என்று காத்துக்கொண்டு நின்றான். அவள் தலையே நிமிர்த்தவில்லை. பிள்ளையின் உச்சியில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். இந்த உலகத்தில் வேறு ஒருவரும் இல்லாதது போல இருந்தாள். அந்த நேரத்தில் அவன் அவளை வெறுத்தான்.

தாதி வந்து பிள்ளையின் முதுகில் குழலை வைத்து நெஞ்சுத் துடிப்பைக் கேட்டாள். டொக்டரைப் பார்த்தாள். டொக்டரும் வைத்துக் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஆர்த்திகா நிமிர்ந்து, “இந்தாங்க,” என்றாள்.

அவன் வாங்கினான். பிள்ளை இன்னும் சூடாக இருந்தது. அது பிள்ளையின் சூடா, அவளுடைய சூடா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணன் அருமைநாயகம் தன் ஆட்டோவோடு வந்து சேர வெயில் ஏறிவிட்டது. ஊரில், பெரியகல்லாற்றில், குழி வெட்ட ஆள் சொல்லியிருந்தார். “மதினி பஸ்ஸில வாறா. ஆர்த்திய அவ வீட்ட கூட்டிக்கிட்டு வருவா. அடக்கம் பண்ணப் போற பச்சப்புள்ளையோட தாய் கூட வரப்படாது. நாம ரெண்டு பேரும் போவம்.”

நிஸ்றா ஆர்த்திகாவின் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “என்ட புள்ளைக்குப் பால் நேரம்…” என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, தலை குனிந்துகொண்டு போய்விட்டாள். அவள் கதவைத் தள்ளி உள்ளே மறையும் வரைக்கும் ஆர்த்திகா பார்த்துக்கொண்டு நின்றாள்.

உதயரூபன் வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையோடு ஆட்டோவில் ஏறி இருந்தான். ஒரு முழம்கூட இல்லை. ஆர்த்திகா படியில் நின்றாள்.

“கல்லாறு வரைக்கும் நீங்கதான் வைச்சிரிப்பீங்களா?”

“ஓம்.”

“மடியிலயா?”

“ஓம்.”

“வேற ஆருக்கும் குடுக்கமாட்டீங்க?”

“இல்ல,” என்றான். சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்தது. வழி முழுவதும் பிள்ளை அவனுக்கு மட்டும்தான்.

அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவனுடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் கசிந்து சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானது. அந்த யன்னல் கண்ணாடியில் தன் முகத்திலேயே அதைக் கண்டிருக்கிறான்.

“ஏறு,” என்றான்.

“டேய், என்னடா செய்யிறாய்?” அண்ணன் திரும்பினார். “ஊர்ச்சனம் என்ன சொல்லும்?”

“சுடலை வாசல் மட்டும் வரட்டும் அண்ணன். மறுகா நாம கொண்டு போவம்.”

அருமைநாயகம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். பிறகு முன்னுக்குத் திரும்பிக்கொண்டார்.

உதயரூபன் இறங்கி, அவளைக் கைபிடித்து ஏற்றி, பிள்ளையை அவள் மடியில் வைத்தான். பின்னுக்கு இடம் இருந்தது. அவன் போய் அண்ணனுக்குப் பக்கத்தில், முன் சீற்றின் விளிம்பில் ஒடுங்கி இருந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தான்.

ஆட்டோ வாவிப் பாலத்தைக் கடந்தது. கடல் பக்கத்து வெயில் ஆட்டோவுக்குள் சரிந்து விழுந்தது. ஒருமுறை அவன் திரும்பிப் பார்த்தான். ஆர்த்திகா துணியை விலக்கி, பிள்ளையின் கண்ணுக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

“அண்ணன், ஒருக்கா ஓரமா நிப்பாட்டுங்க.”

ஆட்டோ நின்றது. அவன் இறங்கி, மழைக்கு விடுகிற படங்குத் திரையை அவள் பக்கம் அவிழ்த்து இறக்கினான். காற்றில் அடிக்காதபடி அதன் அடிக்கயிற்றை இழுத்துக் கட்டினான்.