வேட்டிக்கு அந்தப் பக்கம்

சின்னாயி சிலேட்டை அடுப்புக்குள் திணிக்கப் போனாள். கல் எரியாது, சுற்றியிருக்கும் மரச்சட்டமாவது எரியட்டும் என்ற ஆத்திரம். மாரக்காள் பாய்ந்து வந்து தாயின் முழங்கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"உடு புள்ள! படிச்சுக் கிழிச்சது போதும். உனக்கு மூளையே திரும்பிக் கெடக்குதுன்னு இன்சுபெட்டரு எழுதி வெச்சிட்டுப் போயிட்டாராமா. பொதங்கெழம வந்து பேரை அடிச்சிருவாரு. அப்புறம் பண்ணாடி காட்டுல கடலைக்காய் ஆயறதுதான் உம்பட வேலை. அதை நாளைக்கே ஆரம்பிச்சா என்ன?"

"பொதங்கெழம வரைக்கும் போயிட்டு வாரேம்மா. பேரை அடிக்கறப்ப நான் அங்க இருக்கோணும்."

எட்டு வயதுக்கு அது கொஞ்சம் பெரிய பேச்சு. சின்னாயி சிலேட்டை எரவாணத்தில் செருகிவிட்டு, மகள் பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூளை திரும்பிய கதை இதுதான். ராசிபுரத்துக்கு நாலு மைல் தள்ளியிருந்த அந்த ஊரின் பள்ளிக்கூடம், ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பண்ணாடி காளியப்பக் கவுண்டரின் கடலைக்காய்க் கிடங்கில் நடந்தது. சேரிப் பிள்ளைகளைச் சேர்க்காத பள்ளிக்குச் சர்க்கார் உதவி கிடையாது என்று கடிதம் வரவே, பண்ணாடி பெரிய மனசு பண்ணி நாலே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்தாரே தவிர, அவர்களை எங்கே உட்கார வைப்பது என்ற விசாரத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் வைத்தால் இன்ஸ்பெக்டர் கேட்பார். உள்ளே வைத்தால் ஊர் கேட்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சேலத்தில் பயிற்சி முடித்த கமலவேணி டீச்சர் ஒரு மேஜிக் லாந்தரோடு வந்து இறங்கினாள். தகரப் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு. முன்னால் ஒரு கண்ணாடி வில்லை. நடுவில் எழுத்தும் படமும் வரைந்த கண்ணாடித் தகட்டைச் செருகினால், அது எதிரே ஆள் உயரத்துக்கு விழும். குழந்தை காதால் கேட்டு ஒப்பிப்பதைவிடக் கண்ணால் பார்த்தே நன்றாகக் கற்கும் என்பது பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த புதுக் கல்விமுறை. கிடங்குக் கதவை மூடினால் பகலிலேயே இருட்டு. அவள் கேட்டதெல்லாம் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர்தான்.

"செவுரு எதுக்கம்மணி? என்ற வேட்டியவே தாரேன்," என்றார் பண்ணாடி.

சுவருக்கு ஒரு பக்கம்தான் உண்டு. கிடங்கின் நடுவில் நனைத்துக் கட்டிய எட்டு முழ வேட்டிக்கோ இரண்டு பக்கம். லாந்தர் இருக்கும் பக்கம் ஊர்ப் பிள்ளைகள் உட்காரட்டும், அந்தப் பக்கம் சேரிப் பிள்ளைகள் உட்காரட்டும் என்று ஏற்பாடானது. ஈர வேட்டியில் படம் இரு பக்கமும் நன்றாகவே தெரிந்தது. வெளிச்சத்துக்குத் தீட்டு உண்டா என்று பண்ணாடி கோயில் பூசாரியைக் கேட்டார். இங்கிருந்து அங்கே போகிறவரை பாதகமில்லை, அங்கிருந்து இங்கே வரக்கூடாது என்று பூசாரி யோசித்துச் சொன்னார். டீச்சர் அந்தப் பக்கம் போனால் குளித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பதும் சட்டமானது. ஆகவே கமலவேணி போகவில்லை. வேட்டிக்கு அடியில் நீட்டப்படும் சிலேட்டுகளைப் பார்த்துத் "தப்பு" என்று மட்டும் சொல்லிவந்தாள்.

மூன்று மாதம் மாரக்காள் அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள். பார்த்ததை அப்படியே எழுதினாள். போன மாதம் வந்த இன்ஸ்பெக்டர், இங்கிலீஷில் நாலைந்து மனத்தத்துவப் புத்தகம் படித்தவர், அந்த நாலு சிலேட்டையும் பார்த்துத் திகைத்துப்போனார். ஓர் எழுத்தாவது நேராக இல்லை. 'இப்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே மூளைக் கோளாறு. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் பெயரை நீக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சின்னாயி சிலேட்டை எரிக்கப் போனதற்கு மறுநாள் காலையில் மாரக்காள் பள்ளிக்கூடப் பாதையில் நின்று யோசித்தாள். 'ப' போட்டால் மட்டும் டீச்சர் எப்போதும் சரி என்கிறாள். 'ட' போட்டால் எப்போதும் தப்பு என்கிறாள். அது ஏன்? ஓர் எருக்கிலையைப் பறித்து, கருவேல முள்ளால் தன்னுடைய 'ட'வைக் குத்தி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறகு இலையைத் திருப்பினாள்.

கமலவேணி வரும் வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"டீச்சருங்க, இதைப் பாருங்க. இது எங்க ட." திருப்பிக் காட்டினாள். "இது உங்க ட. எலை ஒண்ணுதானுங்க."

கமலவேணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தையின் கண்ணைப் பற்றி இரண்டு வருஷம் பாடம் படித்தவள், அந்தக் குழந்தை உட்கார்ந்த இடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்ததில்லை. நேரே பண்ணாடியிடம் போய், வேட்டியை எடுத்துவிடலாம் என்றாள்.

"எழுத்துப் போனாப் போவுது அம்மணி. வேட்டி இருக்கட்டும்," என்றார் அவர்.

அன்றிலிருந்து சேரிப் பிள்ளைகள் நாலு பேரும் எருக்கிலையும் முள்ளுமாக அலைந்தார்கள். இத்தனை நாள் கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குத்தித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டரும் பண்ணாடியும் வேட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் பண்ணாடியின் மகள் குஞ்சம்மாள். கமலவேணி லாந்தரை ஏற்றினாள். கண்ணாடித் தகட்டைக் கையில் எடுத்தவள் ஒரு கணம் நிதானித்து, அதை இடம் வலமாகத் திருப்பிச் செருகினாள்.

"படி, கண்ணு."

குஞ்சம்மாள் தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். "எழுத்தெல்லாம் கோணக்கா மாணக்கான்னு கெடக்குதுங்க டீச்சரு."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த பண்ணாடி, வழக்கம்போல் எல்லாம் புரிந்தவராகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆடு... இலை... தின்னும்."

பிறகு நாலு குரலும் சேர்ந்து, கிடங்கின் ஓடு அதிர அதையே கத்தின. இன்ஸ்பெக்டர் எழுந்து அந்தப் பக்கம் போனார். அங்கே எழுத்தெல்லாம் நேராக இருந்தது; படத்தில் ஆடு இலை தின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து, நோட்டைத் திறந்து, 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினார்.

"இயந்திரம் நல்லாத்தாங்க ஐயா இருக்குது," என்றாள் கமலவேணி. "அந்தப் பக்கம் இருந்து பாத்தா அன்னைக்கு இப்படித்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு மட்டும் கோளாறு புள்ளைங்க மூளையில இருந்துதுங்களா?"

இன்ஸ்பெக்டர் இருமினார். பெயர்களை அடிக்கவில்லை, போன மாதம் எழுதியதையும் அடிக்கவில்லை. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் மூளைக் கோளாறு, முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் இயந்திரக் கோளாறு என்று இரண்டும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

பண்ணாடிக்கு விஷயம் பிடிபட்டது. "அந்தப் பக்கந்தான் நல்லாத் தெரியுதா? அப்ப நம்ம புள்ளைங்க அங்க போவட்டும். இதுகள இங்க உக்கார வையுங்க." இரண்டு பக்கமும் சாணித் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரைச் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் எல்லாரும் இடம் மாறினார்கள். வேட்டி மட்டும் அங்கேயே இருந்தது.

கமலவேணி தகட்டை உருவி, மறுபடியும் நேராக்கிச் செருகினாள். முன்னால் இருப்பவர்களுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதுதானே இத்தனை நாள் சட்டம்?

கொஞ்ச நேரத்தில் வேட்டிக்குப் பின்னாலிருந்து குஞ்சம்மாளின் குரல் ரகசியமாக வந்தது. "ஏ மாரக்கா, இங்க ஒண்ணும் வெளங்கலடி. அது என்ன எழுத்து?"

மாரக்காள் மடியிலிருந்து முள் குத்திய எருக்கிலையை எடுத்து வேட்டிக்கு அடியில் நீட்டினாள். "திருப்பிப் புடிச்சுப் பாரு."

வாங்கிய விரல் கொடுத்த விரலில் பட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குஞ்சம்மாள் யாரிடமும் சொல்லவில்லை; குளிக்கவும் இல்லை.