படகு நம்பர் தெரியவேண்டும்

ஆவுளியா உயிரோடுதான் வலையில் கிடந்தது. கல்லூரியில் அதைக் கடல்பசு என்று படித்திருந்தாள் மெர்லின். மணமேல்குடிக் கரையில் அதற்கு ஆவுளியா என்றுதான் பெயர். அது மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, வேலை முடிந்து வந்து உட்கார்ந்த மனுசனைப்போல மூச்சு விட்டது.

"ஏடி, பாத்துக்கிட்டே நிக்காத. போன எடு," என்றான் அண்ணன் ஜஸ்டின்.

கல்லூரி இயற்கைக் குழுவுக்காக டால்பின் படம் எடுக்கத்தான் அவள் அன்று அவன் படகில் வந்திருந்தாள். இது டால்பினைவிடப் பெரிது. போன மாதம் அறுபட்ட ஆவுளியாத் தலை ஒன்று கரை ஒதுங்கியபோது, அது ஜஸ்டின் வேலை என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். வனத்துறையினர் இரண்டு தடவை வீடு தேடி வந்தார்கள். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்வீட்டாரும் போனை எடுப்பதில்லை. இப்போது அவனே ஒன்றை விடுவிப்பதை ஊர் பார்க்கட்டும்.

ஜஸ்டின் கத்தியோடு குனிந்தான்.

"நில்லுண்ணே. ஒம் மொகம் தெரியிது, படகு நம்பர் தெரியல. யாரு படகுன்னு கேப்பாக."

"கல்யாண ஆல்பம் தோத்துச்சு போ," என்று சிரித்தான் இஞ்சினைப் பிடித்திருந்த பால்ராஜ். "ஆவுளியாவுக்கும் கொஞ்சம் பவுடர் போட்டுவிடு."

நம்பர் எழுதிய முன்பக்கம் வலையை நோக்கி வரும்படி படகு திரும்பியது. வலைக்கயிறு அடியில் வாலைச் சுற்றி இறுகி, மூக்கு தண்ணீருக்குள் இழுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. முதல் தடவை லென்ஸில் உப்புத்தண்ணீர் தெறித்தது. துப்பட்டாவால் துடைத்தாள். இரண்டாம் தடவை எதிர்வெயில். "இன்னொருக்கா" என்றாள். திரைக்குள் எல்லாம் அழகாக இருந்தது: அண்ணன், நம்பர், பச்சைக் கடல், அதனடியில் பெரிய சாம்பல் நிழல். மூன்றாம் தடவை சரியாக வந்தது. கயிறு அறுபட்டதும் நிழல் வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

பால்ராஜ் விசிலடித்தான். ஜஸ்டின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மெர்லின் மட்டும் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தாள். வால் ஒருமுறைகூட அசையவில்லை. முதல் வீடியோ எட்டு பன்னிரண்டுக்கு எடுத்தது, கடைசி எட்டு இருபத்தேழுக்கு. இந்த விலங்கு ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் அவள்.

"அனுப்புடி," என்றான் ஜஸ்டின். அழுத கண்ணோடு சிரிக்கிறவனிடம் என்ன சொல்வது? கரைப்பக்கம் சிக்னல் வந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும் வனத்துறைக்கும் அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே பெண்வீட்டிலிருந்து போன் வந்தது.

மூன்றாம் நாள் பிணம் ஒதுங்கியது. ஊதிப் போயிருந்தது. வாலைச் சுற்றிக் கயிறு பதிந்த பள்ளம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வனக்காவலர் ஆனந்தராஜ் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வீடியோ எடுத்த புள்ளதானம்மா நீ? இதையும் நாலு படம் எடுத்துக் குடு, ரிப்போர்ட்டுக்கு வேணும். ஒங்க ஆவுளியா ஜம்முன்னு நீந்திப் போச்சு. இது பாவம், எவன் வலையிலயோ மாட்டிச் செத்திருக்கு."

"ராக்கன் வலதான் அங்கிட்டுக் கெடந்துச்சு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ராக்கன் ஐம்பது வயதுக்காரர்; கூட்டத்தில்தான் நின்றிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டு தன்னால் கைக்கு வந்துவிட்டது. "சத்தியமா நான் இல்லீங்க. நான் ஒரு வாரமா கடலுக்கே போகலீங்க."

"எல்லாரும் இதத்தான்யா சொல்றீங்க," என்று ஆனந்தராஜ் நோட்டைத் திறந்தார்.

"விடாதீங்க சார்," என்றான் ஜஸ்டின். முகச்சவரம் செய்து, புதுச்சட்டை போட்டிருந்தான். "இவங்களாலதான் நம்மளுக்கும் கெட்ட பேரு."

மெர்லின் போனை வாலுக்கு நேரே பிடித்திருந்தாள். திரையில் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஓரத்தில் துண்டைக் கசக்கும் ராக்கனின் கைகளும் தெரிந்தன. போனைச் சற்று நகர்த்தினால் அந்தக் கைகள் படத்தில் விழாது. நகர்த்தியும் பார்த்தாள்.

"சார்," என்றாள். "எங்களது நீந்தலங்க சார்."

"என்னம்மா?"

"முங்குச்சு. நாந்தான் இருங்க, இருங்கன்னு நிறுத்தி வச்சேன். வீடியோவுல வாலப் பாருங்க, அசையவே இல்ல. இன்னொரு தடவ போட்டுக் காட்டுறேன்."

போனை அவரிடம் நீட்டினாள். ஜஸ்டின் அவளைத் திட்டவில்லை. பதினொரு விநாடி வீடியோவை ஆனந்தராஜின் தோளுக்கு மேலாக, முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அது முடிந்ததும் கையை நீட்டி, மறுபடி போட்டான்.