ஆனைக்கால் சைக்கிள்

இரண்டு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்த பிறகுதான் சின்னதுரை கோடிச் சேலையைக் கேரியரில் வைத்துக் கட்டினான். விரல் அரை அங்குலம் உள்ளே போனது. கல்லும் மரமும் குறுக்கே கிடக்கிற மலைப்பாதையில் இறங்க அந்த மெத்து வேண்டும்.

வெள்ளிமலை தபாலாபீஸ் போனில் செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா பெரியநாயகி விடியற்காலை போய்விட்டாள். எலவனாசூர்கோட்டையிலிருந்து அவள் புருஷன் காசிநாதன் கத்திச் சொன்னதைத் தபால்காரர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்கு மேல் உடம்பு தாங்காது. அதற்குள் உடம்பின்மேல் போர்த்த பிறந்த வீட்டுக் கோடி வந்து சேராவிட்டால், பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தனைத் தம்பி முறைக்கு நிற்கவைத்துப் போட்டுவிடுவார்கள்.

பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது சின்னதுரை ஒருத்தன்தான். அம்மா செத்தபோது அவளுக்குப் பதினான்கு வயது, இவனுக்கு ஆறு. செங்கல் சூளையில் மண் மிதித்து அவள்தான் இவனை ஆளாக்கினாள். கட்டிக்கொடுத்த இடத்தில் பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த சொல் ஒன்று உண்டு. கேட்க ஆள் இல்லாதவள். நாத்தனார் குஞ்சம்மாள் அதைத் தண்ணீர் சேந்தும்போதும் சொல்வாள், சோறு போடும்போதும் சொல்வாள். இன்றைக்கு வேறு எவனாவது கோடி போட்டால் அந்தச் சொல் ஊரறிய உண்மையாகிவிடும்.

சேலை பச்சை, மஞ்சள் கரை. கடைக்காரர் பின்கதவைத் திறந்து, இருந்த ஒரே புதுச் சேலையை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தார். முன்கதவைத் திறக்க முடியாது. எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம், மறியலின் மூன்றாம் நாள். இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. எழுபது கிலோமீட்டர் போக வேண்டும்.

சைக்கிள் இருந்தது. மலைரோட்டில் ஜல்லி கொட்டுகிற கூலிக்காரனுக்கு பீடி கிடையாது, சாராயம் கிடையாது, இது ஒன்றுதான் பைத்தியம். கூட வேலை செய்கிறவர்கள் சந்தை நாளில் கருவாடு வாங்கப் போகும்போது, இவன் கள்ளக்குறிச்சி பழைய இரும்புக் கடைகளில் குனிந்து கிளறிக்கொண்டிருப்பான். இது அவன் கட்டிய மூன்றாவது வண்டி. சக்கரங்கள் மொபெட்டினுடையவை, தடித்த டயரோடு. அவை நுழைவதற்காக முன் சக்கரத்தைக் கவ்வுகிற போர்க்கைப் பழுக்கக் காய்ச்சி அகட்டினான். பின்பக்கக் கம்பிகளை அறுத்து, நடுவில் துண்டு வைத்துப் பற்றவைத்தான். சக்கரம் சின்னதானதால் பெடல் கல்லில் இடித்தது. கிராங்கில் இரண்டு அங்குலம் வெட்டிக் குறைத்தான். தண்ணீர்க் குழாயைச் செருகி சீட்டை உயர்த்தினான். எந்த வேலைக்கும் இந்த வண்டி தேவையில்லை. மூட்டை ஏற்றினதில்லை. ஓடைக் கூழாங்கல்மேல், மழை நின்ற பாறைமேல் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

தை மாதம் அக்கா வீட்டுக்கு அதை ஓட்டிக்கொண்டு போனபோது குஞ்சம்மாள் தெருவில் நின்று கேட்டாள். "இன்னாடி பெரியநாயகி, ஒன் தம்பி வண்டிக்கு ஆனக்காலு வந்துகீது? கொசு ஜாஸ்தியா மலையில?"

தெருவே சிரித்தது. அக்கா பாத்திரம் தேய்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை. "தூளி மாரி கீதுடா. இன்னோரு வாட்டி போ" என்றாள். முப்பத்தைந்து வயதுக்காரி, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய்.

மலை இறங்கும்போது மேகம் ரோட்டின்மேல் படுத்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வளைவுகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து காலுக்குக் கீழே போயின. இந்த ரோட்டில் அவன் கொட்டிய ஜல்லி இருந்தது. எந்த இடத்தில் எவன் கால் நசுங்கியது, எந்த இடத்தில் தார் டின் கவிழ்ந்தது என்று எல்லாம் தெரியும். இன்று அது வேறு யாரோ போட்ட ரோடு மாதிரி இருந்தது. சாய்ந்த மரங்களின் இலைகள் இன்னும் வாடவில்லை. மரம் செத்தது இலைகளுக்குத் தெரியாததுபோல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவன் இறங்கி வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து ஏறினான். மறுபடி இறங்கினான். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் பின்பக்கம் டயர் மெல்ல அமுங்கி எழுந்தது, கேரியரில் யாரோ உட்காருவதுபோல். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி ஒரு புளியமரம் கிடந்தது. பக்கத்தில் ஏழெட்டுப் பேர். கையில் கோடாலியோடு நின்றவன் பெயர் மாயவன் என்பது மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது.

"எங்கய்யா போற? வண்டி ஒண்ணும் ஓடக் கூடாதுன்னு தெரியாது?"

சாவுக்குப் போகிறேன் என்று சின்னதுரை சொன்னான். சேலையைப் பார்த்ததும் அவர்கள் விலகினார்கள். ஒருத்தன் டயரை அமுக்கிப் பார்த்து, காற்றே இல்லையே என்று வீட்டிலிருந்து பம்பு எடுத்துவரக் கிளம்பினான். இது இப்படித்தான் ஓடும் என்று சின்னதுரை அவனைத் தடுத்தான்.

"யாரு செத்தது?" என்றான் மாயவன்.

"எங்க அக்கா. இழுப்பு. ஆஸ்பத்திரிக்கு வண்டி கெடைக்கல."

மாயவன் கோடாலியை மெதுவாகக் காலுக்குப் பின்னால் நகர்த்தினான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு வந்து, சைக்கிளின் முன் சக்கரத்தைத் தானே தூக்கினான். கிளைகளுக்கு நடுவே இரண்டு பேரும் வண்டியைச் சுமந்துகொண்டு போனார்கள். அந்தப் பக்கம் இறக்கி வைத்ததும், "பசங்க படிப்புக்குன்னாங்க. வெட்டுன்னாங்க, வெட்டனோம்" என்றான். குரல் தரையைப் பார்த்து வந்தது.

சின்னதுரைக்கு அவன்மேல் கோபப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. சக்கரத்தை விட்டபோது அவன் உள்ளங்கை தெரிந்தது. தன் கை மாதிரியே காய்த்துப் போயிருந்தது. ஏறி மிதித்தான்.

கள்ளக்குறிச்சி பூட்டிக் கிடந்தது. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மாடு படுத்து அசைபோட்டது. அதைத் தாண்டினால் சேலம் ரோடு, வெயிலில் ஒரு லாரிகூட இல்லாமல் ஆறு மாதிரி அகன்று கிடந்தது. சமவெளிக்கு வந்ததுமே அவன் காற்று அடித்திருக்க வேண்டும். பம்பு பிரேமிலேயே கட்டியிருந்தது. மறந்தான் என்று சொல்ல முடியாது. அடித்தால் டயர் இறுகிவிடும், பின்னால் உட்கார்ந்திருக்கிற அந்த அசைவு நின்றுவிடும். கொஞ்ச தூரம் போகட்டும், கொஞ்ச தூரம் போகட்டும் என்று விட்டுக்கொண்டே வந்தான். கண் சொருகியது. தண்டவாளம் இல்லாத ரயிலில் போவதுபோல் இருந்தது. சூளை மண் வாடை வந்தது. "தூங்கிடாதடா" என்று எப்போதோ அவள் சொன்னது கேட்டது.

தியாகதுருகம் தாண்டி மூன்று மைலில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினான். பின் ரிம் நின்றது, தொளதொளவென்றிருந்த டயர் நிற்காமல் டியூபையும் இழுத்துக்கொண்டு சுற்றியது. வால்வு அடியோடு பிய்ந்து வந்தது. பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

காற்று குறைந்தால் ரிம்மில் டயர் நழுவும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று வண்டி கட்டியவன். ஓட்டையாக இருந்தால் ஒட்டலாம். வால்வு பிய்ந்த டியூபுக்கு மருந்து கிடையாது. இன்னும் ஆறு மைல். தள்ளிக்கொண்டு நடந்தால் ஐந்தரை ஆகும்.

வண்டியைக் கவிழ்த்து, டயர் கழற்றவென்று வைத்திருந்த கரண்டிக் காம்பால் நெம்பினான். டியூபை உருவிப் போட்டான். வரப்பிலிருந்து காய்ந்த புல்லைப் பிடுங்கித் திணித்து ஓட்டிப் பார்த்தான். ஒரு பர்லாங்கில் தூளாகிவிட்டது. திரும்ப நெம்பி, லுங்கியை அவிழ்த்துத் திணித்தான். துண்டு, சட்டை. காக்கி அரை டிரவுசரோடு நின்று அமுக்கிப் பார்த்தான். கால்வாசி டயர்தான் அடைந்திருந்தது.

கேரியரில் சேலை இருந்தது. பன்னிரண்டு முழம். கயிறாக முறுக்கினால் இந்த டயருக்குள் சரியாக நாலு சுற்று வரும். அந்தக் கணக்கு மனதில் வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

ஆட்டுக்குச் சொந்தக்காரி கோலோடு வந்து நின்றிருந்தாள். பெரியம்மாளாம் பெயர். ஆடு குறுக்கே போனதற்கு ஏதாவது சொல்லப்போகிறானோ என்று பயந்து, தானாகவே ஊர் பெயர் எல்லாம் சொன்னாள். மணி என்ன இருக்கும் என்று கேட்டான். நிழலைப் பார்த்து மூன்று ஆகப்போகிறது என்றாள். அவன் சேலையைப் பிரித்து ஒரு முனையை நீட்டினான்.

"கோடித்துணி இல்ல இது? இத்தப் போயி டயருக்குள்ளயா?"

"நாலு மணிக்கு எடுத்துடுவாங்கம்மா. இதுகூட போயி சேரலன்னா அவளுக்கு யாரும் இல்லன்னு ஆயிடும்."

பெரியம்மாள் கோலைக் கீழே போட்டாள். முனையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து ரோட்டின் மறு ஓரத்துக்குப் போனாள். அவள் தன் வலப்பக்கம் முறுக்கினாள், எதிரே இவனும் தன் வலப்பக்கமே முறுக்கினான். ஆளில்லாத ரோட்டின் குறுக்கே பச்சைக் கயிறு ஒன்று மெல்லத் திரண்டு இறுகியது. ஆடுகள் அதன் கீழே நுழைந்து போய் வந்தன.

அந்த ஆறு மைலும் அவன் சீட்டில் சரியாக உட்காரவில்லை. பின் சக்கரத்தில் பாரம் விழாமல் எழுந்து நின்றே மிதித்தான்.

பாடை கட்டி முடிந்திருந்தது. காசிநாதன் ஏதோ சாக்குச் சொல்லி இன்னும் ஒரு சுற்று மேளம் அடிக்க வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரன் வேடியப்பன், தட்டில் ஒரு சிவப்புச் சேலையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றிருந்தான். மகள்கள் இரண்டு பேரும் தாயின் காலடியில் இருந்தார்கள். சின்னவள்தான் முதலில் பார்த்தாள். "மாமா" என்றாள்.

மேளம் நின்றது. அரை டிரவுசரோடு, புழுதி பூசிய உடம்போடு நின்றவனைக் குஞ்சம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "வெறுங்கையோடவா வந்த? கோடி எங்க?"

சின்னதுரை வாசலில் வண்டியைக் கவிழ்த்து வைத்தான். கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினான். டயரின் ஒரு பக்கம் விலகியது. உள்ளே கையை விட்டு, கந்தலாகிப்போன லுங்கியையும் துண்டையும் சட்டையையும் எடுத்துப் போட்டுவிட்டு இழுக்க ஆரம்பித்தான். கறுப்புக் கயிறு ஒன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. ரப்பர் மை, மணல், புல்தூள். யாரோ சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கயிற்றின் நடுவில் ஓரிடத்தில் பச்சை தெரிந்தபோதுதான் அது என்னவென்று மற்றவர்களுக்குப் புரிந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றான், அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு.

குஞ்சம்மாள் அருகே வந்தாள். ஒரு முனையை எடுத்து முகர்வதுபோல் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மூலையில் மஞ்சள் இருந்தது. முனையைப் பிடித்தபடியே பின்னால் நடந்தாள். இரண்டு பேருமாக முறுக்கைப் பிரித்தார்கள். ஒரு தடவை உதறினார்கள், புழுதி பறந்தது. மையின் கோடுகள் நெடுகிலும் இருந்தன. ஒரு முழ அகலம் மட்டும் சுத்தமாகத் தப்பியிருந்தது. அந்த ஒரு முழம் வெளியே தெரியும்படி அவள் மடித்தாள். இரண்டு தடவை மடித்துப் பார்த்து, சரிவராமல் மூன்றாவது தடவையும் மடித்தாள். அவ்வளவு நேரமும் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

"நீ போடு தம்பி. நேரமாவுது."

வேடியப்பன் தட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனான்.

சின்னதுரை குனிந்து அக்காவின்மேல் சேலையைப் போர்த்தினான். தோளருகே கை பட்டது. அவள் சில்லென்றிருந்தாள். ஓட்டத்தில் ஏறிய சூடு சேலையில் இன்னும் ஆறவில்லை. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். காசிநாதன் வந்து அவன் இடுப்பில் ஒரு வேட்டியைச் சுற்றிவிட்டுப் போனான்.

சுடுகாடு சேலம் ரோட்டைத் தாண்டி இருந்தது. சின்னதுரை பின்னால் வலப்பக்கம் தோள் கொடுத்தான். எப்போதும் லாரிகளுக்குப் பயந்து ஓரமாகக் காத்திருந்து கடக்கிற ரோடு. இன்று ரோடு முழுக்க மல்லாட்டையை, தோல் உரிக்காத வேர்க்கடலையை, காயப்போட்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. பாடை வருவதைப் பார்த்து ஒரு பெண் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். குனிந்து, பாடை போகிற அகலத்துக்கு ஒரு வழி கூட்டினாள். அவர்கள் அதில் நடந்தார்கள். மேலிருந்து வீசிய பொரி இருபுறமும் மல்லாட்டைமேல் விழுந்தது.

கடைசி ஆள் கடக்கிறவரை அவள் ஒதுங்கி நின்றாள். பிறகு பொரியும் மல்லாட்டையுமாக இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து, வழியைப் பழையபடி பரப்பிவிட்டாள்.