பன்னிரண்டு நிமிடம்

கசற் சுற்றத் தொடங்கியதும் சிவனேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். கசற்றில் இரைச்சலாய்ப் பதிந்திருக்கும் பாடம் ரேப் ரெக்கோடரிலிருந்து வயர் வழியாகக் கொம்பியூட்டருக்குள் ஏறப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும். கட்டாரில் கொத்து வேலை செய்யும் அண்ணன் முத்துலிங்கம், இருந்ததில் மலிவான கொம்பியூட்டரைத்தான் வாங்கி அனுப்பியிருந்தான். ‘உலையில போட்ட அரிசி சோறாயிடும், உது இன்னும் கொட்டாவி விடுது’ என்று வவுனியாவில் அந்தத் தெருவே பகிடி பண்ணியது. அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும். அவசரமில்லாத மனிசருக்கு இது போதாதா?

ஆனால் இன்றைக்கு அவசரம். பெண்கள் பள்ளிக்கூடத்து அதிபர் கமலாசனி ரீச்சர், குடையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே கதிரையில் இருந்தார். அவர் ஓம் என்றால் பள்ளிக்கூடத்தில் இவள் கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கலாம். இல்லையென்றால் தை பிறக்கக் கொழும்பில் பெரியப்பாவின் புடைவைக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்கு முந்திய கடைசி பஸ் இப்போது வந்துவிடும்.

ஐந்து நிமிடமாகியும் கொம்பியூட்டரோடு இணைத்த ரீவித் திரையில், பாடம் ஏறும்போது ஓடும் கோடு ஒன்றுகூட ஓடவில்லை.

“கொழும்பில நான் பாத்தது பொத்தானை அமத்த உடன வந்திட்டுது பிள்ளை” என்றார் ரீச்சர்.

சிவனேஸ்வரி படபடப்போடு வயரைப் பிடுங்கினாள். ரெக்கோடரிலிருந்து அண்ணனுக்குச் சொல்லும் அம்மாவின் குரல் வந்தது.

“...அவள் அதுக்கு முன்னால இருந்து தனியச் சிரிக்கிறாள் தம்பி. உங்கட அப்பர் செத்தாப் பிறகு இப்பதான் பிள்ளையின்ர சிரிப்பைக் கேக்கிறன். ஆறுதலா, மெல்ல மெல்ல எண்டாலும் அது வேலை செய்யுதாம். பெரிசு வாங்கிறன் எண்டு வெய்யிலுக்க கூட வேலை செய்து சாகாத...”

குசினி வாசலில் அம்மா நாகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எல்லா வீடுகளிலும் கசற்றில்தான் பேசி அனுப்புவார்கள்.

“போட்டுக் கேட்டனான் பிள்ளை. கிரீச் கிரீச் எண்டு இரைச்சல்தான் கேட்டுது. பழுதாப்போன கசற் எண்டெல்லோ நினைச்சு அதில பேசிப் பதிஞ்சனான்.”

பாடம் இருந்ததே அந்த ஒரு கசற்றில்தான். சிவனேஸ்வரிக்குக் கத்த வேண்டும் போலவும் அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ரீச்சர் எழுந்துவிட்டார்.

“ஒரு நிமிசம் நில்லுங்கோ ரீச்சர்.”

இரண்டு வரிக் கட்டளைக்குக் கசற் தேவையில்லை. அவள் நின்றபடியே தட்டினாள். கமலாசனி, கமலாசனி என்று ஆங்கில எழுத்தில் பெயர் ஒவ்வொரு வரியாகத் திரையில் ஊர்ந்து ஏறியது. வாசித்து முடிக்க நேரம் விட்டு ஏறியது. ரீச்சரின் உதடுகள் கூடவே அசைந்தன.

தெருவில் பஸ் ஹோர்ன் அடித்தது.

“பிள்ளையளின்ர பேரும் இப்பிடி வருமோ?”

“வரும். நீங்களே அடிச்சுப் பாருங்கோ.”

குடையைக் கதிரையில் சாய்த்துவிட்டு ரீச்சர் குனிந்தார். முதல் எழுத்தைத் தேடி அவருடைய விரல் எழுத்துப் பொத்தான்களுக்கு மேலே மெல்ல அலைந்தது. கொம்பியூட்டர் காத்திருந்தது. பஸ் இன்னொரு தரம் ஹோர்ன் அடித்தது.