தாம்சின் பாட்டு

அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை நடந்த காலம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஆற்றோர ஊர் ஒன்றில் தாம்சின் என்ற பெண் இருந்தாள். கணவன் போருக்குப் போனவன் திரும்பவில்லை. அவளுடைய மூன்று வயது மகன் நெட், அறுவடை நாளொன்றில் மாவு ஆலைக் கால்வாயில் மூழ்கி இறந்தான்.

அவனைப் புதைத்த மண் காய்வதற்குள் தெருவில் ஒரு பாட்டு கிளம்பியது. சிறுமிகள் கைதட்டிப் பாடினார்கள்:

"தாம்சின் மடியைப் பாரு,
தண்ணிக்குள்ள பிள்ளை யாரு?
தள்ளிவிட்ட கையைப் பாரு,
தாயின்னு சொன்னது யாரு?"

முதலில் தாம்சின் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ரொட்டிக்காரி அவளுக்கு விற்க மறுத்தாள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பலகையிலிருந்து எல்லோரும் எழுந்து போனார்கள். மாஜிஸ்திரேட் விசாரிக்க வருகிறார் என்று செய்தி வந்ததும், பக்கத்து வீட்டு கிரிசலிடம் ஓடினாள். கிரிசலின் மகள் புரூடன்ஸ்தான் அந்தப் பாட்டை முன்னின்று பாடுபவள். வாசலில் அந்தச் சிறுமி மட்டும் நின்றிருந்தாள்.

"கண்ணு, அந்தப் பாட்ட விட்டுடும்மா. என் பேர எடுத்துட்டு வாத்துன்னு பாடு, பூனைன்னு பாடு. என்னைத் தூக்குல போட்டுருவாங்கடி!"

சிறுமி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "மாத்தக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு. பாடலேன்னா என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களாம்."

"உன்னை ஏன் பிடிக்கணும்?"

"நான்தானே அவனைப் பாத்துக்கிட்டிருந்தேன். வழுக்கி விழுந்துட்டான்."

அன்று கதிர் கட்டப் போகும்போது பிள்ளையைக் கிரிசல் வீட்டில் விட்டது தாம்சின்தான். தூங்கிக்கொண்டிருந்தவன் தானே எழுந்து ஓடிவிட்டான் என்றே கிரிசல் சொல்லியிருந்தாள்.

உள்ளிருந்து வந்த கிரிசல் மகளின் வாயைப் பொத்தினாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணே?" என்றாள் தாம்சின்.

"ஊரு யாரையாவது பலி கேக்கும்டி. எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான். எட்டு வயசு. தூக்குல போடறவங்க வயசு பாக்கறதில்ல."

"எனக்கு மட்டும் எத்தனை பேரு இருந்தாங்க?"

கிரிசல் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

விசாரணையில் மாஜிஸ்திரேட் கேட்டார்: "கால்வாய் ஓரம் வேற யாராவது இருந்தாங்களா?" கூட்டத்தில் புரூடன்ஸ் அம்மாவின் பாவாடைக்குள் முகம் புதைத்து நின்றாள். கழுத்து மட்டும் தெரிந்தது. குச்சி மாதிரிக் கழுத்து. தாம்சின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடத்தான் வந்திருந்தாள். வாய் வரவில்லை.

"யாரும் இல்லீங்க."

ஊர்ப் பாட்டே சாட்சியாயிற்று. அவளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

குளிர் தொடங்கியபோது கிரிசல் ரொட்டியோடு சிறைக் கம்பிக்கு வந்தாள். "என்னை அடி, இல்ல திட்டவாவது திட்டேண்டி" என்று அழுதாள்.

"அழாதே. எனக்காகப் புரூடன்ஸ்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வா. விழறதுக்கு முன்னாடி நெட் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்? என்னைக் கூப்பிட்டானா?"

கிரிசல் மறுவாரமே நடந்து வந்தாள். "ஒரு வாத்துக்கு ரொட்டித் துணுக்கு போட்டுக்கிட்டிருந்தானாம். சிரிச்சிக்கிட்டே இருந்தானாம். கூப்பிடக்கூட நேரமில்லயாம்."

"சிரிச்சானா?"

"சிரிச்சானாம்."

தாம்சின் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகுதான் ரொட்டியை வாங்கினாள்.

வசந்தத்தில் அவளைத் தூக்கிலிட்டார்கள். கிரிசல் மகளை அழைத்துக்கொண்டு ஊரை விட்டே போனாள். சிறுமிகளுக்குப் பாட்டில் இன்னும் இரண்டு வரி கிடைத்தது.